ஆறினால் வெள்ளையாகும்

பேத்தியின் வேர்க்குருவுக்கு மருந்துக் கடையில் ஒரு களிம்பு தந்தார்கள். ஓய்வுபெற்றவனுக்கு வேறென்ன வேலை, டியூப்பின் முதுகிலுள்ள பொடி எழுத்தையெல்லாம் படித்தேன். சிங்க் ஒக்சைட். மணமே இல்லாத பொருள். ஆனால் அந்தப் பெயரைக் கண்டாலே எனக்கு ரப்பர் வேகும் நாற்றம் மூக்கில் ஏறிவிடும்.

எண்பதுகளின் நடுவில் கல்முனையில் ஒரு ஹாஜியார் செருப்புப் பட்டறை நடத்தினார். இரசாயனம் படித்துவிட்டுச் சும்மா நின்ற என்னைக் 'கெமிஸ்ட்' ஆக்கினார். பட்டத்துக்கு மதிப்பாக மேசை தந்தார், மின்விசிறி தரவில்லை. நூறு பங்கு ரப்பருக்கு ஐந்து பங்கு சிங்க் ஒக்சைட், இந்த வெள்ளை மா. ரப்பரை இறுக்குவது கந்தகம்தான். ஆனாலும் மா சேராவிட்டால் கந்தகம் சோம்பிக் கிடக்கும். செருப்பு வெயிலில் தார் வீதியோடு ஒட்டிக்கொள்ளும். பெயின்ட், பீங்கான், பிளாஸ்டர் எல்லாவற்றிலும் கலந்திருக்கும் அப்பாவி மா.

அதைக் கலக்குபவன் பாண்டிருப்புச் செல்வராசா. நான் ஒருநாள் காட்டிய வித்தையைத் தன்னுடையதாக்கிக்கொண்டான். பட்டறைக்கு யார் வந்தாலும், லொறிக்காரனானாலும் சரி, இரும்புக் கரண்டியில் மாவை அள்ளி அடுப்பில் பிடிப்பான். சூடேறினால் மஞ்சள். ஆறினால் பழையபடி வெள்ளை.

"அவசரப்படாத மச்சான், ஆறட்டும்" என்பான்.

"இவன் சோறாக்கினா மஞ்சச் சோறுதான்கா" என்று ஹாஜியார் சிரிப்பார்.

ஒரு காலை ஜீப் வந்தது. சீருடைக்காரர்கள் மூட்டைகளைக் குத்திக் கிழித்தார்கள். கந்தகமும் வெள்ளை மாவும் அருகருகே இருக்கக் கண்டு, குண்டு மருந்து என்றார்கள். நான் அனுமதிப் பத்திரத்தை நீட்டி, சூத்திரத்தை மூன்று மொழிகளில் விளக்கினேன். செல்வராசாவுக்கு அதில் நம்பிக்கையில்லை.

"காட்டினா விளங்கும் மாஸ்டர்" என்று கரண்டியை அடுப்பில் பிடித்தான்.

மா மஞ்சளானது. அவர்களுக்கு அது போதும்.

"ஐயா, கொஞ்சம் பொறுங்க, ஆறினா வெள்ளையாகும்!" இழுத்து ஏற்றும்போதும் அதையே சொன்னான். ஜீப் பிரதான வீதிக்குத் திரும்புமுன் கீழே கிடந்த கரண்டியில் மா வெளுத்திருந்தது.

மனு எங்கே, முறைப்பாடு யாரிடம், எத்தனை பிரதி, எல்லா நடைமுறையும் எனக்குத் தெரியும். ஒன்றையும் விடவில்லை. அப்படி ஒருவரைக் கைதுசெய்யவேயில்லை என்று முறைப்படி பதில் வந்தது.

அவன் மனைவி பட்டறை வாசலுக்கு வருவாள்.

"அது வெள்ளையாப் போச்சா மாஸ்டர்?"

"ஓம் தங்கச்சி."

"அப்ப விட்டுருவாங்கதானே?"

பட்டறை இருந்த இடத்தில் இப்போது கைபேசிக் கடை. ஹாஜியாரும் மவுத்தாகிவிட்டார். அவளும் ஒரு கட்டத்தில் கேட்பதை நிறுத்திக்கொண்டாள். அதன்பிறகு, வெள்ளையாகிவிட்டது என்று சொல்லவும் எனக்கு ஆளில்லை.