ராணிக்குப் பழைய செல்

மைக் செட் தொழிலில் பாடினவன் நன்றாகப் பாடினால் அது அவன் தொண்டை, சொதப்பினால் அது நம்ம ஆம்ப்ளிஃபையர். குழாய் ஸ்பீக்கர் கட்டிப் பிழைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். நான் படப்பையில் கடை வைத்திருந்தபோது ஒரு நாடக செட்டோடு பட்ட பாட்டைச் சொல்கிறேன், கேளுங்கள்.

பஸ்ஸுக்கு ஓடிய டோலக்

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்த சமயம். நாடக செட்டில் ஆர்மோனியம், பிடில், கிளாரினெட், டோலக் எல்லோருக்கும் வேலை கிடைத்துவிட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் ஆளுக்கொரு ஷிஃப்ட். நாடகத்தன்று நாலு பேரும் ஒரே மேடையில் உட்காருவது நடக்காத காரியமாகிவிட்டது. ராஜபார்ட் முனுசாமிதான் செட்டை நடத்துகிறவர். அவரும் கம்பெனியில் ஃபிட்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்து, வாத்தியங்களை மட்டும் என் டேப் ரெக்கார்டரில் பதிந்துவிட்டார். இனி டேப் ஓடும், நடிகர்கள் கூடவே பாட வேண்டும்.

காக்காய், ஆடு, பஸ் ஹாரன் எல்லாவற்றையும் விரட்டிவிட்டுக் கடைசியில் ராணியின் சோகப் பாட்டுக்கு வந்தோம். டோலக்காரருக்கு செகண்ட் ஷிஃப்ட். கை பறக்கிறது! மற்றவர்கள் மூச்சிரைக்கப் பின்னால் ஓடினார்கள். "யோவ், ராணியைக் காட்டுக்குத் துரத்துறாங்கய்யா, அவ அழ வேணாமா?" என்று நான் கத்தினேன். டோலக்கை உறையில் போட்டுக்கொண்டே அவர் சொன்னார்: "இன்னா பண்றது? கம்பெனி பஸ்ஸு எனக்காகத் தாளம் போட்டுகினு நிக்குமா?"

இறங்காத பெட்டி

எங்கள் பக்கத்து நாடகக்காரர்களுக்கு ஐந்து கட்டை சுருதி என்பது கௌரவப் பிரச்சினை. தொண்டை கிழிந்தாலும் அந்த உச்சத்தில்தான் பாடுவார்கள். கட்டையைக் குறைத்தால் ஆள் தீர்ந்தான் என்று அர்த்தம். டேப்பும் ஐந்து கட்டையில்தான் இருந்தது.

ராணி வேஷம் சரோஜாவுக்கு. அவளுக்கு டைபாய்டு வந்து போனதிலிருந்து குரல் மேலே ஏறவில்லை. ஒத்திகையில் பாதிப் பாட்டிலேயே உடைந்தது. அதுவும் அந்த வேகத்தில்! முனுசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "குன்றத்தூர் நாடகத்துல ஒரு தபா பாடிப் பாரு. ஆவலைன்னா வேற பொண்ணை இட்டாறேன்" என்று சொல்லிவிட்டார். பன்னிரண்டு வயதில் மேடையேறியவள், வேறு தொழில் தெரியாது. நான் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள். "ஆர்மோனியக்காரர்னா ஆளைப் பாத்துக் கொஞ்சம் எறங்கி வருவாரு. இந்த டேப்புப் பொட்டி யாருக்குமே எறங்காதாண்ணா?"

குன்றத்தூரில் நான் மறந்தது

பம்ப் செட் ஓடினால் அந்தக் காலத்து கரன்ட் படுத்துவிடும். அதனால் ஆம்ப்ளிஃபையருக்குக் கார் பேட்டரி, டேப் ரெக்கார்டருக்கு டார்ச் செல். மத்தியானத்திலிருந்து சாமி பாட்டு போட்டுவிட்டு, நாடகத்துக்கு முன்னால் செல்லை மாற்றுவது என் வழக்கம். அன்றைக்கென்று பார்த்து, குழாய் தன் வீட்டு ஜன்னலைப் பார்க்கிறது என்று ஒரு புண்ணியவான் சண்டைக்கு வந்தார். அந்த வாய்த்தகராறில் செல் மாற்ற மறந்தே போனேன்.

ராணி பாட்டு ஆரம்பித்ததும்தான் எனக்கு உறைத்தது. செல் ஓய்ந்து, டேப் மெதுவாகச் சுற்றுகிறது. சுருதி நன்றாகக் கீழே இறங்கிவிட்டது. ஐயோ, என்னால் இவள் பிழைப்பு போச்சே! புது செல்லை எடுக்கப் பைக்குள் கையை விட்டேன். அதற்குள் சரோஜா முதல் அடியை எடுத்துவிட்டாள். குரல் உடையவே இல்லை. பஸ்ஸுக்கு ஓடிய டோலக், இப்போது அவளோடு சேர்ந்து காட்டுக்கு நடந்தது. பிடில் நிஜமாகவே அழுதது. முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் கையைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன், எனக்கும் கண் மறைத்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூக்காரம்மா மேடையைப் பார்த்துச் சாபமே விட்டார்: "இவளைத் துரத்திட்டு அந்த ராஜா நல்லா இருப்பானா? வெளங்கவே மாட்டான்!"

ராஜாவின் போர்

அடுத்ததே ராஜாவின் போர்ப் பாட்டு. எல்லோரும் அழுததில் நானும் சொக்கிப்போய், செல்லை மாற்றாமல் விட்டுவிட்டேன். வாளை ஓங்கிய முனுசாமி, அடுத்த தாளம் வரும்வரை ஓங்கியபடியே நின்றார். குதித்துத் திரும்ப வேண்டிய இடத்தில், குதித்துவிட்டுக் காத்திருந்தார். திரைக்குப் பின்னால் கிரீடத்தைக் கழற்றிக்கொண்டே என்மேல் பாய்ந்தார்: "இன்னா மைக் செட்டு, நான் சண்டைக்குப் போறனா, சாவு வூட்டுக்குப் போறனா?"

அதே அழுகை வேண்டும்

விஷயம் தெரிந்ததும் அவருக்குக் கோபம் தலைக்கேறியது. ஐந்து கட்டை செட் என்று பேரெடுத்துவிட்டுக் கீழே இறங்கிப் பாடினால் ஊர் சிரிக்காதா? வேறு பெண் பார்ப்பது என்று முடிவே செய்துவிட்டார். சரோஜா புடவைகளை மடித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் பக்கத்து ஊரிலிருந்து வெற்றிலை பாக்கோடு நாடகம் பேச வந்தார்கள். அதே ராணி, அதே பாட்டு வேண்டுமாம். முனுசாமி மென்று முழுங்கி, "அது அஞ்சு கட்டை இல்லீங்க, கொறைச்சல்" என்றார். வந்தவர் தட்டை அவர் கையில் வைத்தார்: "கட்டை கிட்டையெல்லாம் உங்களோட வெச்சிக்குங்க. அந்தம்மா அழுதா எங்க ஜனம் அழுவணும், அவ்ளோதான்."

முனுசாமியின் டார்ச்

அப்புறம் என் பையில் இரண்டு ஜோடி செல். ராஜாவுக்குப் புதுசு, ராணிக்குப் பழசு. ஓய்ந்த செல்லை நம்ப முடியாது, ஊருக்கு ஊர் சுருதி முன்னே பின்னே இருக்கும். சரோஜா முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொள்வாள். அவள் வேஷத்தை யாரும் பறிக்கவில்லை. முனுசாமி மட்டும் ரொம்ப நாள் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு காலையில் ஷிஃப்ட் முடிந்து, யூனிஃபார்மோடு கடைக்கு வந்தார். கம்பெனி டார்ச்சிலிருந்து கழற்றிய செல்களை மேஜைமேல் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "தூக்கிப் போடலாம்னுதான் இருந்தேன். நம்ம ராணிக்கு ஆவும், வெச்சிக்க."

ஊரெல்லாம் புது செல்லுக்கு அலைந்த காலத்தில், உயிர் போகிற செல்லாகப் பார்த்துப் பொறுக்கித் தொழில் பண்ணிய ஒரே மைக் செட்காரன் நான்தான்.