கோடு நின்ற இடம்

இருமல் மருந்து செய்யும் அந்தத் தொழிற்சாலையில் அவருக்குக் ‘கோடு சார்’ என்று பெயர். சோதனைக்கு வரும் திரவத்தில் ஒரு சொட்டைக் கண்ணாடிப் பட்டகத்தின் மேல் வைப்பார். பட்டகத்துக்குள் விடும் ஒளி ஒரு கோணம் வரைதான் திரவத்துக்குள் நுழையும்; அதைத் தாண்டினால் அப்படியே முழுதும் கண்ணாடிக்குள்ளேயே திரும்பிவிடும். குழாய் வழியாகப் பார்த்தால் பாதி வெளிச்சம், பாதி இருட்டு, நடுவே ஒரு கோடு. அந்தக் கோடு அளவுகோலில் காட்டுவதுதான் திரவத்தின் ஒளிவிலகல் எண். வீட்டிலும் எண்ணெய் பாட்டிலைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார்.

“அண்ணா, சாப்பிட வந்தியா, சோதிக்க வந்தியா?” என்பாள் தங்கை. புருஷனை இழந்த அவளும், அவளுடைய சின்ன மகளும் இவரோடுதான் இருந்தார்கள்.

ஒரு நாள் மருந்தில் கலக்க வந்த கிளிசரின் பீப்பாயில் கோடு இறங்கி நின்றது. கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏறினால் எண் இறங்கும். மழை நாளில் இது வாடிக்கைதான்.

“தண்ணி குடிச்சிருக்கு. கலவையில தண்ணியைக் குறைச்சுக்கச் சொல்லு,” என்றார்.

“வேற சோதனையும் பண்ணிடலாமா சார்?” என்று கேட்டாள் கூட வேலை செய்தவள்.

“எத்தனை மழையைப் பார்த்திருக்கேன்! அனுப்பும்மா.”

இதைத்தான், கதை சொல்கிற என்னால் மன்னிக்க முடியவில்லை. வேறு வேறு திரவங்களுக்கு ஒரே எண் வரலாம் என்பது அவருக்குப் பாலபாடம். பீப்பாயில் இருந்தது கிளிசரினே அல்ல; எவனோ காசுக்கு ஆசைப்பட்டு மாற்றி நிரப்பிய, ஆலைகளில் பயன்படுத்தும் வேறொரு திரவம். குடித்தால் சிறுநீரகம் போய்விடும்.

அதைக் கலந்து செய்த மருந்தில் ஊழியர்களுக்குக் கொடுத்த பாட்டிலை அவர் வீட்டுக்கும் கொண்டுபோனார். குழந்தைக்கு இருமல்.

“சிறுநீரே இறங்கலை. என்ன மருந்து கொடுத்தீங்க?” என்று மருத்துவமனையில் டாக்டர் கேட்டார்.

“இருமல் மருந்து மட்டும்தான். எங்க அண்ணனே சோதிச்சு அனுப்பினது டாக்டர். அதுல ஒண்ணும் இருக்காது.”

டாக்டர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். தங்கையின் அருகில் நின்ற கோடு சாருக்கு, அன்று கோடு நின்ற இடம் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டால் தங்கையின் பாசமாவது அவருக்கு மிஞ்சும். பேசினால் ஒருவேளை குழந்தை பிழைக்கும்.

“அந்த மருந்துதான் டாக்டர். அதுல இருக்கிறது கிளிசரின் இல்லை,” என்றார்.

கடைகளில் இருந்த பாட்டில்களை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்தார்கள். குழந்தை பிழைக்கவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு தங்கை ஒரே ஒரு தடவை அவரிடம் பேசினாள்.

“கசக்குதுன்னு அவ துப்பினா, அண்ணா. நீ பார்த்ததாச்சேன்னு, வாயைப் பிடிச்சு மறுபடி ஊத்தினேன்.”