அம்மிக்குத் தப்பிய மருந்து

மருந்துக்கடைக் கவுண்டரில் நிற்கிறவளுக்கு மருந்தின் பெயர் தெரிந்தால் மட்டும் பத்தாது. அது வீட்டுக்குப் போய் என்ன பாடுபடும் என்பதும் தெரிய வேண்டும். இந்தப் பிழைப்பில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீங்களும் என்னை மாதிரி கத்திக் கத்தித் தொண்டை வறண்டவர்கள்தானே! எனக்குச் சொந்த ஊர் வத்தலக்குண்டு. சோலி கொடைக்கானல் பஜாரில், ஒரு பாயின் மெடிக்கல்ஸில்.

கடுகு மாதிரி ஒரு மருந்து

மன்னவனூரில் பூண்டுப் பயிர் போடுகிற பெருமாள்சாமி அண்ணனுக்குக் குடலில் புண். ரத்தமாகப் போகும். அதுவும் சொல்லாமல் கொள்ளாமல் வரும். டவுனுக்கு வருகிற பாதையில் எங்கே புதர் அடர்த்தி என்பது அவருக்கு மனப்பாடம்; பஸ் கண்டக்டர்களுக்கு அவர் முகம் மனப்பாடம். இந்த லட்சணத்தில் தை மாசம் மகளுக்குக் கல்யாணம், வத்தலக்குண்டு மண்டபத்தில். தாரை வார்த்துக் கொடுக்க மணையில் உட்கார வேண்டியவர் இவர். "நடுவுல எந்திரிச்சு ஓடுனா சம்பந்திக முன்னால மானம் போயிரும் பாப்பா" என்பார். நோயை விட அவருக்கு அதுதான் பெரிய நோவு.

டாக்டர் எழுதிக் கொடுத்தது சின்னப் பாக்கெட்டில் வரும் உருண்டை மருந்து. கடுகை விடப் பொடிசு. ஒவ்வொரு உருண்டையின் மேலும் பாலிமர் என்று ஒரு மெல்லிய பூச்சு. வயிற்றுப் புளிப்புக்கு அது அசையாது. குடலுக்குப் போன பிறகுதான் இளகி, உள்ளே இருக்கிற மருந்தைப் புண் மேல் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கும். "நாக்குல கொட்டி, தண்ணிய ஊத்தி அப்படியே முழுங்கணும், கடிக்கக் கூடாது" என்று பாடம் எடுத்தேன். அண்ணனின் மனைவி பஞ்சவர்ணம் அக்கா, உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி மோந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இம்புட்டு விலைக்கு இத்துனூண்டா? கடுகுன்னாலும் தாளிக்கலாம்."

கவரில் வந்த சாட்சி

அடுத்த வாரம் அக்கா மட்டும் வெள்ளனே பஸ் பிடித்து வந்துவிட்டார். கடையில் ஒரு டூரிஸ்ட் குடும்பம் வாந்தி மாத்திரைக்கு நின்றுகொண்டிருந்தது. அக்கா மஞ்சப்பைக்குள் கைவிட்டு, முடிச்சுப் போட்ட பிரெட் கவர் ஒன்றை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். "மருந்து அப்பிடியே முழுசா வெளிய வந்து கெடக்கு, பாரு. பயப்படாத, கழுவித்தான் கொண்டாந்தேன்" என்றார். அந்தக் குடும்பத்துக்கு மாத்திரை அப்போதே தேவைப்பட்டது.

"அய்யோ அக்கா, அது வெறும் கூடு. உள்ள இருந்த மருந்து இறங்கியாச்சு. சில பேருக்குக் கூடு மட்டும் இப்படி வெளிய வரும்" என்று மறுபடியும் பாலிமர் பாடம் நடத்தினேன். அக்கா தலையை ஆட்டினார். ஆட்டின தினுசே சரியில்லை. அவர் போன பிறகு, அதுவரை மூக்கைப் பொத்திக்கொண்டு ஓரமாக நின்ற பாய் கேட்டார்:

"ஏம்மா, இதை ரிட்டர்ன் எடுத்தா எந்த ரேக்குல வெக்கிறது?"

பூண்டுக் கோபம்

கல்யாணம் நெருங்கியது. அண்ணனுக்கோ மருந்து கேட்கவில்லை. சட்டை தோளில் தொங்கியது. "இதுக்கும் சரியாகலேன்னா மதுரைக்குப் போய் அட்மிட் ஆகிருங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அண்ணன் கடைப் படியில் உட்கார்ந்து, "மணையில எந் தம்பியவே உக்கார வெச்சிரலாம்னு இருக்கேன் பாப்பா" என்றார். பெற்ற மகள் கல்யாணத்தில் மண்டபத்துக்கு வெளியே நிற்கப்போகிற மனுஷனுக்குப் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். "மருந்தை ஒழுங்கா முழுங்குறீங்களா?" என்று கேட்டேன்.

கூட வந்திருந்த அக்கா பெருமையாக முன்னால் வந்தார். "முழுங்க விடுவேனா? தெனமும் அம்மியில வெச்சு மையா அரைச்சு, சுடுதண்ணியில கலக்கி நாந்தான குடுக்கேன்! கரையாத மருந்தைக் கரைச்சுக் குடுத்தாத்தான ஒடம்புல ஒட்டும்?"

எனக்கு வந்ததே கோபம்! "ஏன்க்கா, பூண்டை உரிச்சா ஊனுறீங்க?" என்று கத்திவிட்டேன். பஜாரே திரும்பிப் பார்த்தது.

"உரிச்சு ஊனுனா மண்ணுல அழுகிப் போகாதா? என்ன பேச்சு பேசுற?"

"அந்தத் தோலைத்தான் நீங்க அம்மியில உரிக்கிறீங்க! மருந்து பூராம் வயித்துலயே வீணாப் போச்சு. குடலுக்கு என்ன மிச்சம் இருக்கும்?"

அக்கா வாயில் கை வைத்தபடி புருஷனைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. அதற்குள் எனக்கே பாவமாகிவிட்டது, ஆனால் அவர் அதற்கு விடவில்லை. என் மேலேயே பாய்ந்தார்:

"அடி கூறுகெட்டவளே, இதை மொத நாளே இப்பிடிச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதான? பாலிமராம் பாலிமரு!"

நிற்காத வேன்

விஷயம் கேட்ட டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு, மதுரையைத் தள்ளி வைத்தார். அதே மருந்து, அம்மி இல்லாமல். கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் நின்றது. அண்ணனுக்கு முகத்தில் களை வந்தது. ஆனாலும் கல்யாணத்துக்குப் போகிற வேனில் மன்னவனூரிலேயே அவர்களோடு நானும் ஏறியபோது எனக்குப் பக்கென்றுதான் இருந்தது. மலையிறங்குகிற காட் ரோட்டில் எத்தனை வளைவு! வேனை ஓட்டினவர் அண்ணனின் கூடப்பிறந்த அக்கா மகன். மாமாவின் வழக்கமான புதர் வந்ததும் பழக்க தோஷத்தில் பிரேக்கைப் போட்டுவிட்டார். எல்லோரும் அண்ணனையே பார்த்தோம். அவர் ஜன்னலை இழுத்துச் சாத்தினார்:

"எதுக்குலே நிப்பாட்டுற? முகூர்த்தத்துக்கு நேரமாச்சு, வெரசா ஓட்டு!"

பந்திக்கு வராத அப்பா

மண்டபத்தில் எல்லோரும் பெண்ணைப் பார்த்தார்கள். நான் பெண்ணின் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐயர் வேறு ஆற அமர மந்திரம் சொன்னார். புகை கண்ணைக் கரித்தது. அண்ணன் அசையவில்லை. தாரை வார்த்தார், தாலி ஏறியது, கூட்டம் பந்திக்கு ஓடியது. மேடையைக் கூட்டக் கூட ஆட்கள் வந்துவிட்டார்கள். அண்ணன் மட்டும் மணையிலேயே இருந்தார். பதறிப்போய், "என்னண்ணே, வயித்துல எதுவும் பண்ணுதா?" என்று கிட்டே போனேன். வேட்டியை ஒதுக்கி இன்னும் நன்றாகச் சம்மணம் போட்டுக்கொண்டு சொன்னார்:

"ஒண்ணுமில்ல பாப்பா. உக்கார முடியுதுல்ல, இன்னுங் கொஞ்ச நேரம் உக்காந்துக்கிறேன்."

குடலைத் தேடிப் போகிற மருந்தைச் செய்ய எத்தனையோ படித்தவர்கள் இருக்கிறார்கள். அது அம்மியைத் தாண்டிப் போய்ச் சேர, தொண்டை வறண்ட நாம்தான் இருக்கிறோம்.