பட்டனுக்கு மேல் ஒரு பிளாஸ்டர்

எனக்குக் கோபம்தான் முதலில் வரும். யோசனை அதற்குப் பிறகு ஆடி அசைந்து வந்து சேரும். இது அப்படி யோசனை பிந்தி வந்த ஒரு கதை.

தெரணியகலை டவுனில் போன் திருத்தும் கடையொன்றில் வேலை செய்கிறேன். அரிசியைவிடச் சின்னப் பாகங்களைக் கழற்றி மாட்டுகிற கை. அந்தத் திமிரில் ஒருநாள் சித்தியிடம், “நான் ஒரு பெட்டி செஞ்சு தாரேன், கோழி அடைகாக்கிற வேலைய அது பாத்துக்கும் சித்தி” என்று சொல்லிவிட்டேன்.

அம்மா இறந்த பிறகு என்னை வளர்த்தது சித்திதான். தோட்டத்து லயத்தில், பத்து வீட்டு வரிசையில், இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். சித்தி தேயிலைக் கொழுந்து பறிக்கிறார். முழங்கால் போய்விட்டது, மலையில் ஒவ்வொரு படிக்கும் ஒரு “முருகா” சொல்லித்தான் ஏறுகிறார். நாட்டுக்கோழி வளர்த்தால் மலைக்குப் போகாமல் இருக்கலாம் என்று அவருக்கு ஆசை. ஆனால் அடைக்கு உட்கார்ந்த கோழியைக் கீரி கொண்டுபோய்விட்டது.

“உன் பெட்டியில குஞ்சு பொரிச்சா, அன்னைக்கே கொழுந்துக் கூடைய எறக்கி வச்சிருவேன் புள்ள” என்றார். சும்மா சொல்கிற ஆள் இல்லை அவர்.

மீன் கடையில் ஐஸ் போட்டு வைக்கிற வெள்ளை ரெஜிபோம் பெட்டி, சூட்டுக்கு இரண்டு பல்ப், ஒரு சின்ன விசிறி, சூட்டை அளந்து பல்பை ஏற்றி அணைக்க ஒரு சிப். மூடியில் உள்சூட்டைக் காட்டும் சின்னத் திரை. சிப்புக்குக் கரண்ட் கொடுக்கப் பழைய ரேடியோவில் கழற்றிய டிரான்ஸ்போமர். சிப் உயிர் பெறும்போது முப்பது பாகையில் தொடங்கும். பட்டனை அமுக்கி முப்பத்தேழரைக்கு ஏற்ற வேண்டும். ஏற்றியதை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல்லி நான் எழுதவில்லை. பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். கடை மேசையில் ஒரு வாரம் ஓடியது, ஒரு குறையும் இல்லை.

முதல் தடவை இருபத்துநான்கு முட்டை வைத்தோம். விடிகாலையும் மாலையும் படுக்குமுன்னும் நானே முட்டைகளைத் திருப்பி வைத்தேன். யாரும் பெட்டியைத் தொடக்கூடாது என்று சட்டமும் போட்டேன். மாலையில் வேலை விட்டு வந்து பார்த்தால் அடிக்கடி சூடு முப்பதில் நிற்கும். சிப்பை மாற்றினேன். ஒவ்வொரு பற்றாசையும் உருக்கித் திரும்ப ஒட்டினேன். அப்படியும் முப்பது. கடைசியில் ஒரு முட்டையும் பொரிக்கவில்லை. உடைத்துப் பார்த்தபோது வந்த நாற்றத்தைவிட என் வாய்தான் அன்று மோசம்.

நான் ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தால், சித்தி காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்கப் போக இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். அந்த நேரம் வீட்டில் அவர் மட்டும்தான்.

“நீங்கதானே பட்டன அமுக்குனீங்க? உண்மையச் சொல்லுங்க.”

“நான் தொடல.”

“பின்ன பேயா தொட்டுச்சு?”

சித்தி பழைய முட்டைகளைக் கொண்டுபோய்க் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, கை கழுவி, சோறு போட்டார்.

இரண்டாவது தடவைக்கு அவரே வீடு வீடாகக் கேட்டு முட்டை சேர்த்தார். நான் சனிக்கிழமை மாலை அடுக்கி முடித்ததும் ஒரு பிளாஸ்டரைக் கொண்டுவந்து நீட்டினார், விரலில் வெட்டுப்பட்டால் ஒட்டுகிற சாதாரண பிளாஸ்டர்.

“பட்டனுக்கு மேல ஒட்டு. நீயே ஒட்டு. நான் தொட்டா கிழிஞ்சிருக்கும்ல?”

ஒட்டினேன். ஞாயிறு சரியாக இருந்தது. திங்கள் போயா, பௌர்ணமி லீவு, அன்றும் சரி. செவ்வாய் மாலை வந்து பார்த்தால் முப்பது. பிளாஸ்டர் ஒரு நூல்கூட அசையாமல் இருந்தது.

அப்போதுதான் கோபம் போய் மண்டைக்குள் பூச்சி ஊர ஆரம்பித்தது. முதல் தடவை கலண்டரில் குறித்து வைத்திருந்த சூட்டையெல்லாம் திரும்பப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருநாளும் விழவில்லை. வேலை நாளில் மட்டும்தான் விழுந்திருக்கிறது. இந்தச் சனியன் பிடித்த பெட்டிக்குக் கிழமை எப்படித் தெரியும்?

கடை முதலாளி நல்ல மீட்டர் ஒன்றை எடுத்துத் தந்தார். “நங்கி, மேக்க அடும எக மதக தியாகன்னவா” என்று சிங்களத்தில் சொன்னார். அளவு எவ்வளவு கீழே இறங்கியதோ, அந்த ஆகக் குறைந்ததை அது ஞாபகம் வைத்திருக்குமாம். புதன் காலை எழும்பியதும் சிப்புக்குப் போகிற ஐந்து வோல்ட்டில் அதை மாட்டிவிட்டு வேலைக்குப் போனேன். மாலையில் பார்த்தால் இறங்கிய அளவு நான்கும் கொஞ்சமும். அவ்வளவு குறைந்தால் சிப் செத்துப் பிழைக்கும், பிழைத்தால் முப்பதிலிருந்துதான் தொடங்கும். ஐந்து வோல்ட்டாக இறக்கித் தருகிற ரெகுலேட்டருக்கு உள்ளே குறைந்தது ஏழு வோல்ட் போக வேண்டும். என் ரேடியோ டிரான்ஸ்போமர் ஏழரைதான் தந்தது. வீட்டுக் கரண்ட் கொஞ்சம் சரிந்தாலும் போச்சு.

யார் சரிக்கிறார்கள்? சந்தேகமே இல்லை, லயம்தான். பத்து வீட்டிலும் வேலை நாளில் ஐந்து மணிக்கு எழும்பி ஹீட்டரும் ரைஸ் குக்கரும் போடுகிறார்கள்! அன்று இரவே வாசல் வாசலாகப் போய், நாளைக்கு ஒரு காலை மட்டும் எதையும் போடவேண்டாம் என்று கெஞ்சினேன்.

“ஏம்மா, முட்டைக்குக் குளிருதுன்னு நாங்க பச்சத்தண்ணியில குளிக்கணுமா?” என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்.

“குஞ்சுல ஒண்ணு எங்களுக்கு, சரியா?” என்றார் அவர் புருசன். சிரித்துக்கொண்டே எல்லாரும் சரி என்றார்கள்.

வியாழன் காலை ஐந்து மணி. முட்டைகளைத் திருப்பி வைத்தேன். டீக்குக் கேத்தலைப் போட்டுவிட்டு, மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன். இந்த முறை ரெகுலேட்டருக்குள் போகிற வோல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழரை இருக்க வேண்டிய இடத்தில் ஆறரைகூட இல்லை.

“அடப் பாவிங்களா! சொல்லியும் போட்டுட்டாங்களே!”

கதவைத் திறந்து வெளியே பாய்ந்தேன். லயம் முழுக்க அடுப்புப் புகை. பக்கத்து வீட்டு அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

“யாரும் போடலம்மா! பாரு, ஊதி ஊதிக் கண்ணே போச்சு!”

உள்ளேயிருந்து சித்தியின் குரல் வந்தது.

“உன் கேத்தல் கொதிக்குது. ஆஃப் பண்ணிரவா? இல்ல, அதையும் தொடக்கூடாதா?”

டக்கென்று சுவிட்ச் சத்தம் கேட்டது. நான் திரும்பி வந்து மீட்டரைப் பார்த்தேன். ஏழரை.

என் கேத்தல். முதல் சம்பளத்தில் நானே வாங்கியது, புகையில் ஊத முடியாது என்று. முன்னறையில் இருக்கும் ஒரே பிளக்கிலிருந்து சமைக்கிற குசினிக்கு மெல்லிய வயர் இழுத்ததும் நான்தான். அதே வயரில்தான் பெட்டியையும் மாட்டியிருந்தேன். வேலை நாளில் ஐந்து மணிக்குக் கேத்தல் போடுவேன். ஞாயிறும் போயாவும் விடிந்த பிறகும் தூங்கிவிட்டு, சித்தி அடுப்பில் போட்ட டீயைக் குடிப்பேன். ஒரு பல்பைக்கூட ஒழுங்காக மாட்டத் தெரியாதவள் மாதிரி, கூசிப்போய் நின்றேன்.

சித்தி குசினியிலிருந்து வந்தார். சர்க்யூட் படிக்காதவர்தான். ஆனாலும் அவர் கண் பெட்டியில் தொடங்கி, வயரோடேயே போய், கேத்தலில் நின்றது. பிறகு என்னைப் பார்த்தார். பட்டனுக்கு மேலே இருந்த பிளாஸ்டரை மெதுவாக உரித்து எடுத்துப் போய், கேத்தல் சுவிட்ச் மேலே ஒட்டினார்.

அன்றே பெரிய டிரான்ஸ்போமர் ஒன்று வாங்கி மாட்டினேன். பெட்டிக்குத் தனி வயர் இழுத்தேன். சூட்டை ஞாபகம் வைக்கவும் சிப்புக்குச் சொல்லிக்கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒருநாளும் விழவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் வாய் வரவில்லை. தினமும் சித்தியின் அடுப்பு டீயைக் குடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

இருபத்துமூன்றாம் நாள், திங்கட்கிழமை விடிய, பெட்டிக்குள் கீச்கீச்சென்று ஒரே சத்தம். எண்ணினேன், பதினான்கு. சித்தி கொழுந்துக் கூடைக்குள் பழைய சேலையை விரித்து எடுத்துக்கொண்டு வந்தார். வந்தவர் பெட்டிக்கு இரண்டு முழம் தள்ளியே நின்றுவிட்டார்.

“இப்பவாவது தொடலாமா?”

கேலியாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே அனுமதி கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“நீங்க தொடவே இல்ல சித்தி. நாந்தான் தப்பு. மன்னிச்சிருங்க.”

“நான் தொடலன்னு எனக்குத் தெரியாதா? மூடியத் தொற, குஞ்சு மூச்சு முட்டுது.”

திறந்தேன். சித்தி முதல் தடவையாக அந்தப் பெட்டிக்குள் கையை விட்டு, ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் வைத்தார். அன்று அவர் மலைக்குப் போகவில்லை.