காயம்னு சொல்ல மாட்டேன்

மத்தவங்க கதவைத் தட்டினா ஜனங்க மூஞ்சியைப் பார்ப்பாங்க. நான் தட்டினா முதல்ல கையைப் பார்ப்பாங்க, பேப்பர் ஏதாவது இருக்குதான்னு. பதினேழு வருஷம் பட்டாளத்துல இருந்துட்டு, காஞ்சிபுரத்துல படைவீரர் குடும்பங்களைக் கவனிக்கிற ஆபீசுல சேர்ந்தவன் நான். எல்லையில நம்ம ஜில்லா ஆளு இறந்துட்டா ரெஜிமென்ட்லேர்ந்து போன் வரும். வீட்டுக்குப் போய்ச் சொல்றது என் வேலை. என் புள்ளையும் இப்ப பட்டாளத்துலதான் இருக்கான், அதனால போன் வந்தா முதல்ல இறந்தவன் பேரைத்தான் கேப்பேன். ஆஸ்பத்திரி வராந்தாவுல தலையைக் குனிஞ்சுக்கினு நிக்கிற டாக்டருங்களே, விபத்துன்னு வீடு தேடிப் போற போலீஸ்காரங்களே, நீங்கதான் என் கூட்டாளிங்க. உங்களுக்குத்தான் இதைச் சொல்றேன்.

இட்லிப் பொட்டலம்

முதல் வீடு செவிலிமேட்டுல. கிளம்பும்போது எங்க ஆபீசரு, "எடுத்தவுடனே போட்டு உடைக்காதேய்யா. காயம்னு சொல்லு. பாடி வர்றதுக்குள்ள அவங்களே புரிஞ்சுப்பாங்க"ன்னாரு. நம்ம வழக்கமும் அதுதானே? செத்தவங்களைப் பத்தி முதல்ல 'சீரியஸ்'னுதானே சொல்லுவோம். நானும் பையனோட அம்மாகிட்ட, "கால்ல குண்டு பட்டிருக்குதும்மா"ன்னுட்டேன்.

அந்தம்மா அழல. மடமடன்னு இட்லி ஊத்துச்சு. புள்ளையோட லுங்கி ரெண்டை மடிச்சுப் பையில வச்சுது. எந்த ஆஸ்பத்திரி, எந்த ரயில், காரம் சேர்க்கலாமான்னு கேட்டுக்கினே இருந்துது. மிளகாப் பொடியைத் தனியா இலையில மடிக்கிறதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கல. உண்மையைச் சொல்லிட்டேன். கட்டின பொட்டலத்தை அப்படியே என் கையில வச்சுட்டுச் சொல்லுச்சு: "செத்தவனுக்கு இட்லி கட்ட வச்சிட்டியேபா. இந்தா, நீயே தின்னு."

பொண்ணு கல்யாணப் பத்திரிகை

அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். தலையே போனாலும் இனிமே காயம்னு சொல்ல மாட்டேன். சம்சாரம் இருந்தா சம்சாரத்துக்குத்தான் முதல் சேதி, அதுவும் நேர்ல, நெசமா. இது ஊருக்குள்ள பரவிப்போச்சு. 'ஏழுமலை நேர்ல வந்தா முடிஞ்சுது கதை'ன்னு ஆகிப்போச்சு என் பொழப்பு.

என் பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க பஷீர் பாய் வீட்டுக்குப் போனேன். ரெண்டு பேரும் ஒண்ணாப் படிச்சவங்க. அவரு பையன் ராணுவத்துல டிரைவர். கதவைத் திறந்த பாயோட சம்சாரம் என் கையில கவரைப் பார்த்துது, "யா அல்லா"ன்னு சுவத்தைப் பிடிச்சுக்கினு சரிஞ்சுடுச்சு. தண்ணி தெளிச்சு, பையனுக்கு வீடியோ கால் போட்டோம். அவன் வாய் நிறைய சப்பாத்தியோட "இன்னாம்மா?"ன்னு கேட்ட பிறகுதான் அந்தம்மாவுக்கு மூச்சு வந்துது. பாய் பத்திரிகையை வாங்கிக்கினு என்னை வாசல் வரைக்கும் கொண்டாந்து விட்டாரு. "கல்யாணத்துக்குக் குடும்பமே வர்றோம்பா. ஆனா இனிமே நல்ல சேதியை வாட்ஸ்அப்ல அனுப்பு, கதவைத் தட்டாதே."

தெருவுல பாவு

அது ஒரு நெசவுத் தெரு. பட்டாளத்துக்குப் புள்ளைங்களை அனுப்பின வீடு அங்க மூணு. ஜீப்புல போனா மூணு வீட்லயும் உசுரு போய்ட்டு வரும்னு முனையிலேயே இறங்கி நடந்தேன். தறியில ஏத்தற பட்டு நூலை, பாவுன்னு சொல்லுவாங்க, தெரு நீளத்துக்கும் நீட்டிக் கஞ்சித் தண்ணி தெளிச்சுக்கினு இருந்தாங்க. அந்தாண்ட முனையைப் பிடிச்சுக்கினு நின்ன பொண்ணு மலர். இறந்தது அவ புருஷன். சின்னப் பொண்ணு ஒண்ணு அவ காலைக் கட்டிக்கினு நின்னுது.

மலரோட மாமனாரு என்னை எட்டத்துலயே மடக்கிட்டாரு. என் மூஞ்சியைப் பார்த்தே அவருக்குப் புரிஞ்சுபோச்சு. "அவகிட்ட காயம்னு சொல்லு. மீதியை நாங்க பார்த்துக்கறோம்"னாரு. "முடியாது பெரியவரே, அவங்ககிட்டதான் முதல்ல சொல்லணும்"னேன். என் சட்டைக் காலரைப் பிடிச்சுட்டாரு. புள்ளையைப் பறிகொடுத்தவரு, அவரை நான் இன்னா சொல்ல? பாவை விட்டா இழையெல்லாம் சிக்கிக்கும். மலர் விடல. பக்கத்து வீட்டம்மா கையில முனையைக் கொடுத்துட்டு நேரா வந்தா. "மாமா, அவரை விடுங்க. சார், எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லுங்க"ன்னா. சொன்னேன். நடுத் தெருவுலயே உக்காந்துட்டா.

காரியத்தன்னிக்கு நானும் ஓரமா நின்னுக்கினு இருந்தேன். மலர் கையில இருந்த பச்சை வளையலை உடைக்க நாலு பொம்பளைங்க வந்தாங்க. மலர் ரெண்டு கையையும் மார்போட அணைச்சு வச்சுக்கினா. "அவரு லீவுல வந்தப்ப வாங்கிப் போட்டது இது. உடைக்க நீங்க யாரு?"

மெமோ

மாமனாரு புகார் எழுதிப் போட்டாரு, எனக்கு ஒரு மெமோ வந்துது. இன்னொரு தடவை சொன்ன பேச்சு கேக்கலைன்னா வேலை காலின்னு ஆபீசரு வாயாலயும் சொல்லிட்டாரு. ஒரு வருஷம் போச்சு. கருணை அடிப்படையில எங்க ஆபீசுலயே கிளார்க்கா வந்து சேர்ந்தா மலர், அதே பச்சை வளையலோட.

ஒரு நாள் ரெஜிமென்ட் போன். திருப்புட்குழிப் பையன், வீட்ல சம்சாரமும் நாலு மாசக் குழந்தையும். ஆபீசரு என்னைப் பார்த்து விரலை ஆட்டினாரு. "காயம்னு மட்டும் சொல்லு. மீறினே, நாளைக்கு இங்க வராதே." மலர் எழுந்து, "நானும் போறேன் சார்"ன்னா. அவரு பதறிட்டாரு. "நீ வேற ஏம்மா? புருஷனை இழந்தவ எதிர்ல வந்தாலே ஆகாதும்பாங்க. வீட்டுக்குள்ள விடுவாங்களா?" மலர் பையை எடுத்துத் தோள்ல மாட்டிக்கினா. "ஆகாத சேதியைத்தானே சார் எடுத்துக்கினு போறோம். இதுக்குப் போய் சகுனம் பார்த்து யாரை ஏமாத்தப் போறோம்?"

திருப்புட்குழி

ஜீப் கிடையாதுன்னுட்டாரு. போய்யா, நீயும் உன் ஜீப்பும்னு பஸ் ஏறிட்டோம். வாசல்லயே பையனோட பெரியப்பா கையைக் குறுக்கே வச்சு மறிச்சாரு. பச்சை உடம்புக்காரி தாங்க மாட்டா, காயம்னு சொல்லுங்கன்னு கெஞ்சினாரு. ஒரு நிமிஷம் எனக்கே மனசு ஆடிப்போச்சு. அதுக்குள்ள மலர் அவரு கைக்குக் கீழ குனிஞ்சு உள்ள போயிட்டா.

அந்தப் பொண்ணு காலை நீட்டிக் குழந்தையைக் குளிப்பாட்டிக்கினு இருந்துது. மலர் முதல்ல குழந்தையை வாங்கித் துண்டுல சுத்தி என் கையில கொடுத்தா. அப்புறம் ஈரத் தரையிலயே அந்தப் பொண்ணு பக்கத்துல உக்காந்தா. "உன் வீட்டுக்காரரு இறந்துட்டாரும்மா. காயம் இல்ல. இறந்துட்டாரு."

அந்தப் பொண்ணு கத்தின கத்தல்ல குழந்தை வீறிட்டுச்சு. நானும் வெக்கமில்லாம அழுதேன். எவ்வளவு நேரமோ தெரியல. அப்புறம் அந்தப் பொண்ணு மலரோட தாலியில்லாத கழுத்தைப் பார்த்துட்டு, அவ கையைப் பிடிச்சுக்கினு, "உங்களுக்குமாக்கா?"ன்னு கேட்டுது. மலர் தலையாட்டினா. "அன்னிக்கு இன்னாக்கா பண்ணீங்க?"ன்னு கேட்டுது. மலர் சொன்னா. "அழுதேன். மறுநாள் காலையில பாப்பாவுக்குத் தலை வாரினேன். வகிடு கோணலா வந்துச்சு. ஆனா வாரினேன்."

வராதேன்னு ஆபீசரு சொன்ன மறுநாள் நாங்க ரெண்டு பேரும் பத்து மணிக்கெல்லாம் போய் உக்காந்துக்கினோம், அவரு நீட்டின ரெண்டாவது மெமோவுல கையெழுத்துப் போட்டு, கீழ ஒரே ஒரு வரி எழுதித் திருப்பிக் கொடுத்தேன்: "என் புள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, என் வீட்ல சொல்ல மலரை அனுப்புங்க."