ஏட்டு வீட்டுக் கொலு

எங்கள் வீட்டில் போலீஸ் பேச்சு எடுத்தால் என் கணவர் உடனே நைஜீரியாவுக்குப் போய்விடுவார். அங்கிருந்து ஓமனுக்கு. அவர் விருத்தாசலத்துக்குத் திரும்பி வருவதற்குள் டீ ஆறிவிடும். செராமிக் சூளையைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அதற்காக முதலில் நைஜீரியாவில் ஒரு டைல்ஸ் கம்பெனியிலும், பிறகு ஓமனில் இன்னொன்றிலும் இருந்தோம். மகளின் படிப்புக்காக ஊர் திரும்பி, சேர்த்ததைப் போட்டு இங்கே ஒரு சின்ன யூனிட் ஆரம்பித்தோம். பீங்கான் பொம்மை செய்கிறோம். சூளை அவர் பொறுப்பு. ஆள், லோடு, கடைக்காரர்கள், ஆபீஸ் அலைச்சல் எல்லாம் என் பொறுப்பு.

நைஜீரியாவில் கடைத்தெருவுக்குப் போகிற வழியில் ரோட்டின் குறுக்கே ஒரு மரக்கட்டை கிடக்கும். பக்கத்தில் தோளில் துப்பாக்கியோடு இரண்டு மூன்று போலீஸ்காரர்கள். வண்டிக்குள் குனிந்து பார்த்து, "மேடம், எங்களுக்கு என்ன வாங்கிக்கிட்டு வந்தீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள், வீட்டுக்கு வந்த அத்தையிடம் பிள்ளைகள் கேட்கிற மாதிரி. டிரைவர் ஒரு நோட்டை நீட்டுவார். கட்டை விலகும். கடவுள் உங்களை ஆசீர்வதிக்கட்டும் என்று வேறு சொல்லுவார்கள்.

முதலில் எனக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. ஒருநாள் டிரைவர் சில்லறை இல்லை என்று சொல்லிவிட்டார். அவரை இழுத்து இறக்கி, வெயிலில் தார் ரோட்டில் முட்டி போட வைத்தார்கள். என் அப்பா வயது இருக்கும் அவருக்கு. நான் கைப்பையைத் தலைகீழாகக் கொட்டினேன். வாங்கிக்கொண்டு அன்றைக்கும் ஆசீர்வாதம் செய்தார்கள். அந்த ஆசீர்வாதத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஓமனில் கதையே வேறு. போன புதிதில் என் கணவர் ஒரு சிக்னலைத் தாண்டிவிட்டார். போலீஸ்காரர் நிறுத்தி லைசென்ஸ் கேட்டார். இவர் பழைய பழக்கத்தில் லைசென்ஸுக்குக் கீழே ஒரு நோட்டை மடித்து வைத்து நீட்டினார். அந்த இளைஞர் அதைத் தொடவில்லை. "இதை எடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நான் பார்க்கவில்லை. பார்த்தேன் என்றால் நீங்கள் இன்றைக்கு வீட்டுக்குப் போக முடியாது" என்று மெதுவாகச் சொன்னார். அபராதம் போனுக்கு வந்தது, கட்டினோம். என் கணவர் இதைச் சொல்லும்போதெல்லாம் அவருக்கு முகம் மலர்ந்துவிடும். தான் மாட்டிக்கொண்ட கதையை ஒரு மனிதர் இவ்வளவு சந்தோஷமாகச் சொல்லி நான் பார்த்ததில்லை.

ஆனால் அதே ஓமனில் திட்டக்குடிப் பக்கத்துப் பையன் ஒருவனுக்கு வேலை போய், பேப்பரெல்லாம் காலாவதியாகிவிட்டது. பாஸ்போர்ட் முதலாளியிடம் இருந்தது. போலீஸ் பிடித்து உள்ளே வைத்து, கட்டின துணியோடு விமானம் ஏற்றிவிட்டார்கள். யாரும் பத்துக் காசு கேட்கவில்லை. முதலாளியையும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஊருக்கு வந்து பார்த்தபோது அவன் என்னிடம் சொன்னான்: "குடுத்தா வுட்டுருவாங்கன்னு இருந்திருந்தா எப்படியாவது கடன ஒடன வாங்கிக் குடுத்துட்டு இன்னும் கொஞ்ச நாளு சம்பாரிச்சிருப்பேங்க்கா." கை நீட்டாத போலீஸைப் பற்றி என் கணவர் பேசும்போது நான் இந்தப் பையனைச் சொல்லுவேன். அவர் பேச்சை மாற்றிவிடுவார்.

இந்த வருஷம் நவராத்திரிக்கு முன்னால் சென்னைக் கடைக்கு அனுப்ப வேண்டிய கொலு பொம்மைகளைக் குட்டியானையில் ஏற்றி விட்டோம். அந்தச் சின்ன லோடு வண்டியை இங்கே அப்படித்தான் சொல்வோம். பைபாஸில் ஒரு பைக் பின்னால் வந்து மோதியது. ஓட்டி வந்தவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. "என் மேலதாங்க தப்பு, கேஸெல்லாம் வேணாம்" என்று அவரே எழுதிக் கொடுத்தார். அப்படியும் வண்டியை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள், லோடோடு. எந்த ஸ்டேஷன் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்றதெல்லாம் யோக்கியம் என்று ஆகிவிடும்.

அங்கே ஓர் ஏட்டு இருந்தார். ரிட்டயர் ஆகப்போகிற வயது. நாற்காலி போட்டு உட்காரச் சொல்லி, டீ வரவழைத்தார்.

"பயப்படாதீங்கம்மா. பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து வண்டியப் பாத்துட்டாருன்னா எடுத்துக்கிட்டுப் போயிடலாம்."

"எப்ப வருவாருங்க சார்?"

"வருவாரு."

மறுநாளும் போனேன். இன்னொரு டீ. மகள் என்ன படிக்கிறாள் என்று விசாரித்தார். கிளம்பும்போது, ஏதோ ஞாபகம் வந்தவர் போல, "எங்க வூட்லயும் இந்த வருசம் கொலு வைக்கணும்னு சொல்லிக்கிட்டு இருக்குதுங்க. ஒரு செட்டு நல்லதா இருந்தா சொல்லுங்கம்மா" என்றார்.

அவர் குரலில் மிரட்டலே இல்லை. அதுதான் எனக்குக் கோபத்தை மூட்டியது. நைஜீரியாக்காரர் கேட்டால் லஞ்சம் என்றாவது தெரியும். இவர் கேட்டதை வெளியே போய்ச் சொன்னால், பாவம் மனுஷன் பொம்மை வாங்க விசாரித்திருக்கிறார் என்பார்கள்.

"தாராளமா எடுத்துக்கங்க சார். பில்லு போட்டுத் தரேன். உங்களுக்குன்னா கம்மி பண்ணியே தரேன்" என்றேன்.

"பில்லா?" என்று கேட்டுவிட்டு அவர் பேனாவை மூடி வைத்தார். "சரிம்மா. பிரேக் இன்ஸ்பெக்டரு லீவுல இருக்காரு. வந்ததும் சொல்றேன்."

அதற்கப்புறம் டீ வரவில்லை. எஸ்.ஐ.யைப் பார்த்தேன், "ஏட்டுகிட்ட பேசிக்கங்க" என்றார். வண்டியை வைத்துக்கொள்ளுங்கள், பொம்மைகளையாவது இறக்கிக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன், லோடும் சேர்த்துத்தான் கணக்கு என்றார்கள். ஆன்லைனில் புகார் போட்டேன். உங்கள் புகார் உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டது என்று போனுக்கு மெசேஜ் வந்தது. உரிய அலுவலர் யாரென்று அடுத்த முறை போனபோது தெரிந்தது. "ஆன்லைன்லல்லாம் போட்டிருக்கீங்க போல" என்று ஏட்டே கேட்டார், தலையை நிமிர்த்தாமல்.

மழை வேறு பிடித்துக்கொண்டது. வண்டிமேல் கட்டிய தார்ப்பாய் ஒரு பக்கம் கிழிந்து, அட்டைப்பெட்டிகள் ஊறிப் போயின. பீங்கானுக்கு ஒன்றும் ஆகாது, மேலே தீட்டின தங்க வர்ணம்தான் போகும். சென்னைக் கடைக்காரர் தினமும் கூப்பிட்டார். கடைசியில், "பாதி சரக்கு போதும்மா, மீதிய வேற எடத்துல எடுத்துக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டார். பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டின பெண்கள், நான் ஸ்டேஷனிலிருந்து திரும்பி வரும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

ஒரு சாயங்காலம் வண்டி தானாக யூனிட் வாசலுக்கு வந்து நின்றது. டிரைவர் இறங்கி, "எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லிட்டாங்க்கா" என்றான். பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தாரா என்று கேட்டேன். அவன் என் கணவரைப் பார்த்தான். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

"செட்டு குடுத்தீங்களா?"

"தசாவதாரம் செட்டு ஒண்ணு. அதோட விடு."

"ஓமன்ல கை நீட்டாம இருந்தான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீங்களே!"

"இது ஓமன் இல்ல. நீ இன்னும் ஒரு வாரம் நின்னிருந்தா மீதிச் சரக்கும் போயிருக்கும். யாரு நஷ்டப்படுறது?"

அவர் சொன்னதில் தப்பில்லை. என் பக்கம் நியாயம் இருந்தது, அவர் பக்கம் வண்டி இருந்தது.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். நவராத்திரியில் ஏட்டின் மனைவி எனக்குப் போன் செய்தார். என் நம்பரைக் கணவரின் போனிலிருந்து எடுத்தாராம். "உங்க யூனிட்டு பொம்மைதான் எங்க கொலுவுல ராணி மாதிரி நிக்குது, நீங்க வந்து பாக்கணும்ங்க" என்றார். அந்தக் குரலில் சூதே இல்லை. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, போனேன்.

நடு படியில் எங்கள் தசாவதாரம். அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஏட்டு டியூட்டியில் இருந்தார். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களிடம், "இவங்க செஞ்சதுதான். எங்க வூட்டுக்காரரு ஆசையா காசு குடுத்து வாங்கிட்டு வந்தாரு. கல்யாணம் ஆனதுலேருந்து கேட்டுக்கிட்டு இருந்தேன்" என்றார்.

சுண்டல் கிண்ணம் என் கையில் இருந்தது. சும்மா இருந்திருக்கலாம். எல்லாரும் போன பிறகு, அந்த அம்மா, தன் கணவர் இதற்கு எவ்வளவு கொடுத்தார் என்று ஆசையாகக் கேட்டபோது, என்னால் முடியவில்லை.

"காசு வாங்கலீங்க. எங்க வண்டி ஸ்டேஷன்ல நின்னுக்கிட்டு இருந்துச்சு. அத வுடறதுக்காகக் குடுத்தது."

அவருக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் கொலுவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "குங்குமம் எடுத்துக்கங்க" என்று தட்டை நீட்டினார். வாசல் வரைக்கும் வந்து, "பாத்துப் போங்க" என்றார்.

வீட்டில் சொன்னபோது என் கணவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "அந்தப் பொம்பள என்ன பண்ணும்? அதுகிட்ட போயி ஏன் சொன்ன?" என்றார். எனக்கும் அது தெரியவில்லை. கேட்க வேண்டிய இடத்திலெல்லாம் கேட்டுவிட்டேன். பதில் சொல்ல ஆளில்லாமல், கடைசியில் என்னை அன்பாகக் கூப்பிட்ட ஒரே ஒருத்தியின் தலையில் கொண்டுபோய்க் கொட்டினேன். அதில் எனக்கு வருத்தம் உண்டு. பொய் சொல்லியிருக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

நவராத்திரி முடிந்தபின் எங்கள் வண்டியை இரண்டு முறை நிறுத்தினார்கள். ஒரு முறை ஓவர்லோடு என்றார்கள், பாதி வண்டி காலியாக இருந்தது. இன்னொரு முறை லைட் சரியில்லை என்றார்கள், பட்டப்பகலில். இரண்டுக்கும் ரசீது கேட்டு வாங்கி அபராதம் கட்டினேன். இப்போது டிரைவர் பைபாஸ் பக்கமே போவதில்லை. பெண்ணாடம் வழியாகக் கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்து சுற்றிக்கொண்டு போகிறான். டீசல் கூடுதலாகிறது, நேரமும் போகிறது. நேற்று அவனிடம், "நம்ம பேப்பரெல்லாம் சரியாத்தான இருக்குது, நேர் ரோட்லயே போயேன்" என்றேன்.

"நீங்க வண்டில வர்றதா இருந்தா போறேங்க்கா" என்றான்.

நாளைக்கு லோடு இருக்கிறது. அவனோடு முன் சீட்டில் நானும் போகிறேன்.