ஏழு பேருக்கு ஒரு ஊசி

கல்முனைப் பக்கத்துப் பாடசாலையொன்றில் ஆசிரியர்களுக்குத் தேநீர் ஊற்றுவது என் வேலை. எல்லோரும் என்னை ராத்தா, அதாவது அக்கா, என்றே கூப்பிடுவார்கள். நிரந்தர வேலை இல்லை. வேண்டாம் என்றால் அன்றோடு முடிந்தது.

கர்ப்பப்பைக் கட்டிக்குச் சத்திரசிகிச்சை செய்யப் போனபோது என் இரத்தத்தைச் சோதித்தார்கள். ஈரலைத் தாக்கும் பி வைரஸ் இருப்பதாகச் சொன்னார்கள். எனக்கு எந்த நோவும் இருக்கவில்லை. விளக்கம் கேட்கலாமென்று விஞ்ஞான டீச்சரிடம் மட்டும் அதைச் சொன்னேன். மறுநாள் ஆசிரியர் அறை முழுக்கத் தெரிந்திருந்தது.

"ஈரல்ல வைரஸ் எண்டா செங்கமாரிதானே. அது தண்ணியால, சாப்பாட்டால பரவும். நாமதானே புள்ளைகளுக்குப் படிச்சுக் குடுக்கிறம்," என்றார் விஞ்ஞான டீச்சர்.

"அப்ப இவ்வளவு நாளும் நாம குடிச்ச பிளேன்டீ?" என்றார் கணித சேர். "டீச்சர், உங்கட கண் இப்பவே மஞ்சளாத்தான் இரிக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் கதவுக்கு வெளியே தட்டோடு நின்றேன். அன்றிலிருந்து என்னை முற்றம் கூட்டப் போட்டார்கள்.

ஓர் ஆசிரியையின் பிரியாவிடைக்குச் சோறு கொடுத்தார்கள். எங்கள் ஊரில் விருந்தென்றால் ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஐந்தாறு பேர் இருந்து உண்போம். சஹன் என்போம். நான் இருந்த சஹனில் இருந்தவர்கள் கைகழுவ எழும்பி, வேறு சஹனில் போய் இருந்துகொண்டார்கள். ஐந்து பேருக்கான சோற்றின் முன்னால் நான் தனியே இருந்தேன்.

"ராத்தா வயிறாறச் சாப்பிடட்டும்," என்றது ஒரு குரல்.

ஆஸ்பத்திரியில் அடுத்த கிளினிக் நாளன்று தாதி எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். சோற்றாலும் தேநீராலும் பரவுவது வேறு வைரஸ். இது இரத்தத்தால் பரவுவது; தடுக்க ஊசிமருந்து உண்டு. பிறகு கேட்டார்: "ஒருத்தருக்குக் குத்தின ஊசியால உங்களுக்கும் குத்தினதா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் நினைவு வந்தது.

சமூகக்கல்வி டீச்சருக்குச் சீனி வருத்தம். விரலில் குத்தி இரத்தத்தில் சீனி பார்க்கும் மெஷினை அவர் பாடசாலைக்குக் கொண்டுவருவார். எல்லோரும் விரலை நீட்டுவார்கள். ஊசியை மாற்றுவதில்லை, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைப்பார்கள். எட்டு மாதத்துக்கு முன் ஒருநாள், "வாங்க ராத்தா, உங்கடயும் பாப்பம்," என்று கூப்பிட்டார். என்னையும் சேர்த்துக்கொண்டார்களே என்று எனக்குச் சந்தோஷம். அன்று ஏழு பேர். நான் மூன்றாவது ஆள்.

இதைச் சொன்னால் நான்தான் கொடுத்தேன் என்பார்கள். கூட்டும் வேலையும் போய்விடும். சொல்லாவிட்டால் அவர்களில் யாருக்கு இருக்கிறதென்று அவர்களுக்கே தெரியாது. நான்கு நாள் வாய் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் கூட்டிக்கொண்டிருக்கும்போது ஆசிரியர் அறை ஜன்னலால் பார்த்தேன். மேசையில் மெஷின், சுற்றிவர விரல்கள். விளக்குமாற்றோடே உள்ளே போனேன்.

"அந்த ஊசியால குத்த வாணாம். அதால எனக்கும் குத்தின. இந்த வருத்தம் ரத்தத்தாலதான் பரவுமாம். நீங்க எல்லாரும் சோதிச்சுப் பாருங்க."

நீட்டிய விரல்கள் மடங்கின. விஞ்ஞான டீச்சர், "ஸ்பிரிட்டால துடைக்கிறதானே," என்றார். சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது.

ஆறு பேரும் சோதித்தார்கள். எல்லோருக்கும் ஒன்றுமில்லை என்று கேள்விப்பட்டேன். அதற்கடுத்த கிழமை சமூகக்கல்வி டீச்சர் தண்ணீர்க் குழாயடியில் என்னிடம் வந்தார்.

"எனக்கு இரிக்காம். உங்கட எனக்கு வந்ததா, என்ட உங்களுக்கு வந்ததா எண்டு சொல்லேலாதாம்." சுற்றிப் பார்த்தார். "வீட்டில கோப்பையப் பிறிம்பா, தனியா வைக்கணுமா ராத்தா?"

"வாணாம் டீச்சர். உங்கட புருசனையும் புள்ளைகளையும் சோதிக்கச் சொல்லுங்க. அவங்களுக்கு இல்லையெண்டா, வராம இரிக்க ஊசிமருந்து போடலாம்."

"நான் இஞ்ச ஒருத்தருக்கும் சொல்லல்ல. நீங்களும் சொல்லிராதீங்க."

"ஓம்," என்றேன்.

அவர் ஆசிரியர் அறைக்குத் திரும்பிப் போனார். புதிதாக வந்த பிள்ளை ஊற்றிய தேநீரை மற்றவர்களோடு இருந்து குடித்தார். ஒருவரும் எழும்பவில்லை. நான் சொல்லவில்லை, இன்றும் முற்றம்தான் கூட்டுகிறேன்.